ப்ளிடா மருத்துவமனையில் ஒரு காப்பிக்கடை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரமலான் பிறை இருபதைத் தாண்டியிருந்த நேரம், எங்கள் பைத்துல்மாலுக்கு ஒரு தாயின் மனு வந்தது. அவருடைய மகனுக்கு வயது இருபத்திமூன்று. ஒன்றரை ஆண்டாக மனம் சரியில்லை. வெளியூரில் ஒரு இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம், மாதம் 4,500 ரூபாய் கட்ட வேண்டும், முதல் ஆறு மாதத்திற்கு ஜமாஅத்தும் டிரஸ்டும் உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜகாத் வாங்கத் தகுதி உள்ள குடும்பம். மனுவில் முத்தவல்லியின் கையெழுத்தும் இருந்தது. நாங்கள் எதுவும் கேட்காமல் காசோலை எழுதினோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தபோது குர்பானி இறைச்சி கொடுக்கப் போன எங்கள் ஆள் பார்த்துவிட்டு வந்து சொன்னார். இடது கணுக்காலைச் சுற்றி வளையம் போட்டதுபோல் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது என்று. நாங்கள் போய் விசாரித்தோம். "ராத்திரி ஓடிப்போயிடக் கூடாதுன்னு கட்டி வைப்பாங்களாம் காக்கா, எல்லாரையும் அப்படித்தான் வச்சிருக்காங்க" என்றார் அந்தத் தாய். அவர் குரலில் புகார் இல்லை. அதுதான் எங்களைத் தூங்கவிடவில்லை. சங்கிலிக்கு ஆறு மாத வாடகை கொடுத்தவர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகுதான் டிரஸ்ட் அலுவலகத்தின் பின்அறையில் மனநல ஆலோசனைக்கு ஒரு இடம் ஏற்படுத்துவது என்று கமிட்டியில் முடிவானது. திறப்பதற்கு முன் நாம் கொஞ்சம் படிக்க வேண்டும் என்று கமிட்டியில் உள்ள கல்லூரி ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தினார். அவர் கொண்டுவந்து கொடுத்த நூல்களில் ஒரு மருத்துவரின் வாழ்க்கை எங்களைப் பிடித்து உட்கார வைத்தது. படிப்பு வட்டத்தில் நான்கு வியாழக்கிழமைகள் அவரைப் பற்றியே பேசினோம். அந்தப் பாடத்தை இந்த இதழில் வாசகர்களுக்கும் தருகிறோம்.

அவர் பெயர் ஃபிரான்ஸ் ஃபனான். முஸ்லிம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அவர் கடைசி நாட்களில் இப்ராஹீம் என்ற பெயரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதை வைத்து அவர் இஸ்லாத்தைத் தழுவியதாகச் சிலர் மேடையில் சொல்வது உண்டு. அது பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட பெயர். முஸ்லிம் நோயாளிகளுக்காக அவர் செய்தது அவரை நம்மவர் என்று சொந்தம் கொண்டாடாமலே மதிக்கத் தக்கது.

ஃபனான் 1925 ஜூலை 20 அன்று கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவில் பிறந்தார். அது பிரெஞ்சுக் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பம், ஆனால் தந்தை சுங்கத்துறை ஊழியர் என்பதால் வசதிக்குக் குறைவில்லை. பள்ளியில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, நீங்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்று. அவரும் நம்பினார். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லருக்கு எதிராகப் போரிட, பதினெட்டு வயதிலேயே தீவை விட்டுக் கிளம்பி சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். காயம்பட்டார், வீரப்பதக்கமும் பெற்றார். ஆனால் அதே படையில் வெள்ளையருக்கு ஒரு தரம், கறுப்பருக்கும் அரபியருக்கும் வேறு தரம் என்று இருந்ததைக் கண்ணால் பார்த்தார். எந்த நாட்டுக்காக ரத்தம் சிந்தினாரோ அந்த நாட்டின் கண்ணில் தான் யார் என்பது அவருக்கு அங்கே தெரிந்தது.

போர் முடிந்து லியோன் நகரில் மருத்துவம் படித்தார். மனநலத் துறையைத் தேர்ந்தெடுத்தார். நிறவெறி ஒரு மனிதனின் மனத்துக்குள் போய் என்ன செய்கிறது என்பதை ஒரு ஆய்வாக எழுதி, பட்டத்துக்குச் சமர்ப்பிக்க முயன்றார். பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. நரம்பு நோய் ஒன்றைப் பற்றி வேறு ஆய்வு எழுதிக் கொடுத்து 1951இல் பட்டம் வாங்கினார். மறுக்கப்பட்ட அந்த எழுத்துதான் 1952இல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற நூலாக வந்து இன்றுவரை படிக்கப்படுகிறது.

அதே ஆண்டு அவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் நமக்கான பாடம் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியாவிலிருந்து போன முஸ்லிம் கூலித் தொழிலாளர்கள் லியோன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வயிறு என்பார்கள், பிறகு தலை என்பார்கள், பிறகு உடம்பு முழுக்க என்பார்கள். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இவர்கள் சோம்பேறிகள், லீவுக்காக நடிக்கிறார்கள். இதற்கு 'வட ஆப்பிரிக்க நோய்' என்று கேலிப் பெயரும் இருந்தது. ஃபனான் அந்தக் கேலிப் பெயரையே கட்டுரையின் தலைப்பாக வைத்தார். இந்த மனிதன் எங்கே தூங்குகிறான், யாரோடு சாப்பிடுகிறான், பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது, தெருவில் நடக்கும்போது மற்றவர்கள் அவனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்றார். வலி எந்த உறுப்பில் என்று தேடும் மருத்துவர், அந்த மனிதன் எந்த வாழ்க்கைக்குள் நிற்கிறான் என்று தேடவில்லை.

வளைகுடாவில் பத்து, பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்த நம் மஹல்லா சகோதரர்களில் எத்தனை பேர் 'உடம்பெல்லாம் வலிக்குது' என்று டாக்டர் மாற்றி டாக்டர் ஓடியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தோம். படிப்பு வட்டத்தில் அன்று இருந்தவர்களிலேயே இருவர்.

படிப்புக்குப் பின் அவர் செயின்ட் ஆல்பன் என்ற மலைக் கிராமத்து மனநல மருத்துவமனையில் பயிற்சி எடுத்தார். அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் ஃபிரான்சுவா தோஸ்கெயஸ், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்றுப்போய் எல்லை தாண்டி வந்த அகதி. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பிரான்ஸ் முழுவதும் மனநலக் காப்பகங்களில் சுமார் 40,000 நோயாளிகள் பட்டினியாலும் கவனிப்பின்றியும் செத்துப்போனார்கள். செயின்ட் ஆல்பனில் அப்படி நடக்கவில்லை. நோயாளிகளும் ஊழியர்களும் சுற்று வட்டார விவசாயிகளோடு சேர்ந்து உழைத்து உணவு தேடிக்கொண்டார்கள். தோஸ்கெயஸின் கொள்கை எளிமையானது. நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பதற்கு முன் மருத்துவமனைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். வார்டை ஒரு ஊர் போல நடத்த வேண்டும். கூட்டம், பத்திரிகை, பட்டறை, விழா எல்லாம் இருக்க வேண்டும், அவற்றை நோயாளிகளே நடத்த வேண்டும். பூட்டி வைத்தால் பூட்டே ஒரு நோயை உண்டாக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

இந்தப் படிப்போடு ஃபனான் 1953 நவம்பரில் அல்ஜீரியா போனார். தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ப்ளிடா நகர மனநல மருத்துவமனையில் ஒரு பிரிவின் தலைமை மருத்துவர் பதவி. அப்போது அவருக்கு வயது 28.

அன்றைய அல்ஜீரியாவில் மனநல மருத்துவம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்தோனி போரோ என்ற பேராசிரியரும் அவருடைய சீடர்களும் பல பத்தாண்டுகளாக ஒரு கருத்தைக் கற்பித்து வந்தார்கள். வட ஆப்பிரிக்க முஸ்லிம் பிறப்பிலேயே ஆராய்ந்து பார்க்கும் திறன் குறைந்தவன், எளிதில் வன்முறையில் இறங்குபவன், அவன் மூளையின் மேல்பகுதி சரிவர வேலை செய்வதில்லை என்று. இது தெருப்பேச்சு அல்ல, மருத்துவ மாணவர்களின் பாடம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைத் திறக்காமல் விட்டு, பிறகு 'இவர்கள் புத்தி இவ்வளவுதான்' என்று அறிவியல் மொழியில் எழுதி வைத்தார்கள். மருத்துவமனையிலும் ஐரோப்பியர் வார்டு தனி, முஸ்லிம் வார்டு தனி. ஃபனானின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள்.

அவர் போனவுடன் நோயாளிகளின் சங்கிலியைத் தன் கையால் அவிழ்த்துவிட்டார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் வாழ்க்கையை எழுதியவர்களில் சிலர் அதை நம்பவில்லை. நாங்களும் அதைச் சொல்ல ஆசைப்பட்டோம், எங்கள் நிலைமைக்கு அது பொருத்தமாக இருந்தது. ஆனால் உண்மையில் நடந்தது அதைவிடப் பயனுள்ளது. அவர் தோற்றார். தோற்றதை மறைக்காமல் எழுதினார்.

செயின்ட் ஆல்பனில் கற்றதை அப்படியே இரண்டு வார்டிலும் செய்து பார்த்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள், சினிமா பார்த்துப் பேசினார்கள், 'நமது பத்திரிகை' என்று ஒரு தாளை அச்சிட்டு அதில் எழுதினார்கள். அடித்துக்கொள்வதும் கட்டிப்போடுவதும் குறைந்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் ஒன்றுமே நடக்கவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்து சும்மா உட்கார்ந்தார்கள். பாட்டுக் குழுவில் சேரவில்லை. நாடகத்துக்கு ஆள் இல்லை. நார்க்கூடை முடையும் பட்டறையில் யாரும் கை வைக்கவில்லை. பத்திரிகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊழியர்கள் சலித்துப்போனார்கள். 'நாங்கள் அப்போதே சொன்னோமே, இவர்கள் இப்படித்தான்' என்று சொல்ல அல்ஜியர்ஸ் பேராசிரியர்களின் பாடம் தயாராக இருந்தது.

ஃபனானும் அவரிடம் பயிற்சியில் இருந்த ஜாக் அசூலே என்ற இளம் மருத்துவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். 1954இல் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை தங்கள் தவறுகளின் பட்டியல் போலவே இருக்கிறது. அதைப் படித்தபோது, ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இப்படி ஒரு பக்கம் வருமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர்கள் கண்டது இது. நோயாளிகளில் பெரும்பாலோர் கிராமத்து உழவர்கள், தினக்கூலிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்கு அச்சிட்ட பத்திரிகை எதற்கு? நாலு பேர் முன்னால் பாடுவதும் நடிப்பதும் ஊர் ஊராகத் திரியும் தொழில்காரர்களின் வேலை. குடும்பத் தலைவனாக இருக்கும் ஒருவன் அதைச் செய்வானா? கூடை முடைவது அவர்கள் ஊரில் பெண்கள் வேலை. கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் அதே ஆட்கள் யாரும் சொல்லாமலே நிலத்தைக் கொத்துகிறார்கள். கிறிஸ்துமஸ் அவர்களுடைய பெருநாள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவருக்கு அவர்கள் பேசும் அரபியும் கபீல் மொழியும் தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த ஏழைகள் வாழ்நாளில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்த இடங்கள் இரண்டு: போலீஸ் நிலையம், நீதிமன்றம். ஆகவே ஆஸ்பத்திரியிலும் அவரைப் பார்த்தவுடன் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஃபனான் ஒரு குற்றத்தைத் தன்மீதே சுமத்திக்கொண்டார். காலனி ஆட்சியை எதிர்ப்பவன் நான், ஆனாலும் ஆட்சியாளர்கள் செய்வதையேதான் நானும் செய்தேன், அவர்களை நம் வழிக்கு இழுத்து வந்தால் போதும் என்று நினைத்தேன், அவர்கள் வழிக்கு நான் போகவில்லை என்ற பொருளில் எழுதினார். அவர் ஒரு கறுப்பர். அவமானம் என்றால் என்ன என்று தெரிந்தவர். அவருக்கே இந்தக் குருட்டுத்தனம் இருந்தது என்றால் நமக்கு இருக்காதா?

பிறகு வார்டில் அரபு முறையில் ஒரு காப்பிக்கடை திறந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசும் இடம், ஊரில் ஆண்கள் மாலையில் கூடும் கடை போல. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் முறையாகக் கொண்டாடப்பட்டன. தொழுகைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. தொழில்முறைக் கதைசொல்லி ஒருவர் அவ்வப்போது வந்து வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து கதை சொன்னார். கால்பந்து மைதானம் வந்தது. வார்டு மெல்லப் பேச ஆரம்பித்தது. ஆண் நர்ஸ்களுக்கு ஃபனான் வகுப்பெடுத்தார். காவல்காரனாக இருந்தவனை வைத்தியத்தில் பங்காளியாக்குவதற்கு அது தேவைப்பட்டது.

இன்னொரு சோதனையையும் குறிப்பிட வேண்டும். படங்களைக் காட்டி 'இதில் என்ன நடக்கிறது, கதை சொல்லுங்கள்' என்று கேட்டு மனநிலையை அறியும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் உருவானது. முஸ்லிம் பெண் நோயாளிகளிடம் அந்தப் படங்களைக் காட்டியபோது அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த வீடு, அந்த உடை, அந்த மேசை நாற்காலி எதுவும் அவர்கள் உலகத்தில் இல்லை. கற்பனைத் திறன் இல்லாதவர்கள் என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் படக் கட்டில் ஒரு அட்டை வெறும் வெள்ளையாக இருக்கும். அதைக் கையில் கொடுத்தவுடன் அந்தப் பெண்கள் வளமான கதைகளைச் சொன்னார்கள். ஃபனானும் சார்லஸ் ஜெரோனிமி என்ற மருத்துவரும் 1956இல் இதை வெளியிட்டார்கள்.

எங்கள் படிப்பு வட்டத்தில் மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஜின் பற்றிய பகுதிதான். எதிர்பார்த்ததுதான். ஃபனான் கிராமங்களுக்குப் போனார், பேயோட்டும் சடங்குகளையும் நேரில் உட்கார்ந்து பார்த்தார். 1956இல் ஃபிரான்சுவா சாஞ்சே என்பவரோடு சேர்ந்து, மக்ரிப் முஸ்லிம்கள் பைத்தியத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் மக்களைக் கேலி செய்யவில்லை. அந்த மக்கள் நோயை நோயாளியின் குணமாகப் பார்ப்பதில்லை என்று கவனித்தார். மகன் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் தாய் அவன்மேல் வருத்தம் வைப்பதில்லை, பேசுவது அவன் இல்லை, அவனைப் பிடித்திருப்பது என்று அவளுக்குத் தெரியும். குணமானபின் 'இவன் பைத்தியமாக இருந்தவன்' என்ற முத்திரை இல்லாமல் வீடும் ஊரும் அவனைத் திரும்ப ஏற்றுக்கொள்கின்றன. ஐரோப்பாவிலோ நோயாளி வேண்டுமென்றே செய்கிறான் என்று நர்ஸ் கோபப்படுகிறாள், குணமானாலும் சந்தேகம் போவதில்லை. புத்தி பேதலித்தவன்மீது குற்றம் எழுதப்படாது என்று மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த சட்டம், அல்ஜீரியக் கிராமத்துத் தாயின் மடியில் எப்படி வாழ்ந்தது என்பதை ஒரு வெளியார் எழுதிக் காட்டினார்.

அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த மரியாதை வேறு, வைத்தியம் வேறு. நோயாளியை மதிக்கும் பண்பை மெச்சலாம், அதனாலேயே சடங்கு நோயைத் தீர்த்துவிடும் என்று ஆகாது. பித்துப் பிடித்தவர்களைப் பராமரிக்கும் முதல் பாடங்களை ஐரோப்பா முஸ்லிம் நாடுகளிடமிருந்து பெற்றது என்றும் ஒப்புக்கொண்டார். டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் 1154இல் கட்டிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் கட்டப்பட்ட மன்சூரி மருத்துவமனையும் வக்ஃப் சொத்துகளின் வருமானத்தில் நடந்தவை, மனநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. நம் முன்னோர் வக்ஃப் எழுதி வைத்தது கட்டிலுக்கும் மருந்துக்கும். நாங்கள் காசோலை எழுதியது எதற்கு என்று மேலே சொல்லிவிட்டோம்.

ப்ளிடாவில் இந்த வேலை ஓரளவு வேர்பிடிக்கும்போதே வெளியே போர் தொடங்கிவிட்டது. 1954 நவம்பர் 1 அன்று அல்ஜீரிய விடுதலை முன்னணி ஆயுதம் எடுத்தது. ஃபனான் ரகசியமாகப் போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தார், அடைக்கலம் கொடுத்தார். அதே நேரம் பிரெஞ்சுப் போலீஸ்காரர்களும் அவரிடம் நோயாளிகளாக வந்தார்கள். அவர்களையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. ஒரு போலீஸ் அதிகாரி, பகலெல்லாம் கைதிகளைச் சித்திரவதை செய்கிறவர், இரவில் வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கினார். அவர் மருத்துவரிடம் கேட்டது என்ன தெரியுமா? வேலையை விடச் சொல்லவேண்டாம், மன உறுத்தல் இல்லாமல் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய வழி சொல்லுங்கள் என்று. இன்னொரு போலீஸ்காரர் சிகிச்சைக்கு வந்த இடத்தில், தான் சித்திரவதை செய்த அல்ஜீரியர் ஒருவரை மருத்துவமனை வளாகத்திலேயே எதிரே பார்த்துவிட்டார். போலீஸ்காரர் நடுநடுங்கி மரத்தில் சாய்ந்துவிட்டார். அந்த அல்ஜீரியரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் கழிப்பறையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார், தன்னைத் திரும்பப் பிடித்துப் போக வந்துவிட்டார்கள் என்று நினைத்து. இவற்றையெல்லாம் தன் கடைசி நூலில் ஒரு அத்தியாயமாக எழுதி வைத்திருக்கிறார்.

இந்த நிலையில் ஒரு மருத்துவர் என்ன செய்ய முடியும்? சித்திரவதை செய்தவனையும் செய்யப்பட்டவனையும் குணமாக்கி, இருவரையும் அதே இடத்துக்குத் திருப்பி அனுப்புவதா? 1956 இறுதியில் ஃபனான் அல்ஜீரியாவின் பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பாளர் ராபர்ட் லகோஸ்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். மனிதன் தன் சூழலில் அந்நியனாக உணராமல் இருக்கச் செய்வதுதான் மனநல மருத்துவம் என்றால், சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்ட ஒரு மக்களுக்கு நான் வார்டுக்குள் என்ன வைத்தியம் செய்ய என்பது அதன் சாரம். 1957 ஜனவரியில் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

அவர் துனீசியா போய் விடுதலை இயக்கத்தோடு வெளிப்படையாகச் சேர்ந்தார். அதன் பத்திரிகையில் எழுதினார், 1960இல் கானா நாட்டில் அதன் தூதராகவும் இருந்தார். இந்தக் காலத்தில் வன்முறையைப் பற்றி அவர் எழுதிய சில பக்கங்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அடக்கப்பட்டவன் ஆயுதம் எடுப்பது அவன் மனத்தைச் சுத்தப்படுத்தும் என்று எழுதியவரே, அதே நூலின் பின்பகுதியில் வன்முறை இரு பக்கத்து மனங்களையும் எப்படிச் சிதைத்தது என்று நோயாளி நோயாளியாகக் காட்டுகிறார். முன்பகுதியை மட்டும் படிக்கிறவர்கள்தான் அதிகம். எங்களுக்கு அந்தப் பின்பகுதி பெரிது.

துனிஸ் நகரில் அவர் போராட்ட வேலைகளுக்கு நடுவிலும் மருத்துவத்தை விடவில்லை. 1958இல் சார்லஸ் நிக்கோல் மருத்துவமனையில் பகல்நேர மனநல மையம் ஒன்றைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் அப்படிப்பட்டவற்றில் முதலாவது என்று சொல்வார்கள். நோயாளி காலையில் வருவார், சிகிச்சை பெறுவார், மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். ப்ளிடாவின் காப்பிக்கடையையே அவர் இப்போது கேள்வி கேட்டார். மருத்துவமனைக்குள் கட்டிய காப்பிக்கடை உண்மையான காப்பிக்கடை இல்லை, பூட்டிய சுவருக்குள் எத்தனை அழகாக ஊரைக் கட்டினாலும் அது பொம்மை ஊர்தான், நோயாளியின் சண்டையும் சமாதானமும் அவன் வீட்டிலும் தெருவிலும் இருக்கின்றன, அங்கிருந்து அவனைப் பிய்த்து எடுக்காமல் வைத்தியம் செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஐந்து ஆண்டுக்குள் தன் சாதனையையே திருத்திக்கொண்டார்.

ரத்தப் புற்றுநோய் வந்து, 1961 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவில் மேரிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். வயது 36. உடலை அல்ஜீரிய மண்ணுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஏழு மாதம் கழித்து, 1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை அடைந்தது. ப்ளிடா மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்.

தமிழ்நாட்டு முஸ்லிம்கள் இந்தப் பாடத்தைப் படிக்கும்போது ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும் பிறகு ஏர்வாடியிலும் 'தவா, துஆ' என்ற பெயரில், துஆவுக்கு வருகிறவர்களுக்கு அதே இடத்தில் மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு நடந்திருக்கிறது. நம்பிக்கையைப் பிடுங்காமல் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ப்ளிடாவில் தொடங்கிய வழிக்குப் பக்கத்தில் வருகிறது. இத்தனைக்கும் பிறகுதான் எங்கள் காசோலை நடந்தது. 28 பேரின் மவ்த் செய்தியைப் படித்து அழுதவர்கள்தான் நாங்கள்.

எங்கள் பின்அறையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். முதல் இரண்டு மாதம் ப்ளிடாவின் முஸ்லிம் வார்டு போலத்தான் இருந்தது. நகரத்திலிருந்து வரும் ஆலோசகர் நல்லவர், திறமையானவர். 'மனநல ஆலோசனை மையம்' என்று வாசலில் பெரிய போர்டு வைத்தோம், ஒருவரும் வரவில்லை. அந்த வாசல் படியில் ஏறினால் தெருவில் பெயர் கெட்டுவிடும். வந்த ஒன்றிரண்டு பெண்களிடம் கேள்வி கேட்டால் கூட வந்த மாமியார் பதில் சொன்னார். கேள்வித்தாளில் 'உங்கள் பொழுதுபோக்கு என்ன' என்று ஒரு கட்டம். ஒரு பெண் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம், பொழுது எங்கே போகிறது என்று.

போர்டை எடுத்துவிட்டோம். பெண்கள் மதரஸா நடக்கும் நாளில், அதே கட்டடத்தில், தையல் வகுப்புக்குப் பக்கத்து அறையில் ஆலோசகர் உட்காருகிறார். ஓதிப் பார்க்க வருகிறவர்களிடம் 'இதையும் செய்யுங்கள், அந்த அறைக்கும் போய் வாருங்கள்' என்று சொல்ல நம் ஹஸ்ரத் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரை ஒப்புக்கொள்ள வைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கட்டுரை. பைத்துல்மால் மனுவிலும் மனநோய்க்கு உதவி கேட்டால் நான்கு கேள்விகள் சேர்த்திருக்கிறோம்: எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், மனநல மருத்துவர் யார், இரவில் எப்படித் தூங்க வைக்கிறார்கள், நம்மில் யார் போய்ப் பார்த்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் காசோலையில் கையெழுத்து இல்லை. இரவு நேரத்தில் அவசரமாகப் பேச வேண்டியவர்கள் அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416ஐத் தமிழிலேயே அழைக்கலாம்.

அந்தத் தம்பி இப்போது வீட்டில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை மாவட்ட அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறோம். இரண்டு தடவை மாத்திரையை நிறுத்தி, இரண்டு தடவை மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது. பகலில் தன் மாமாவின் டீக்கடையில் உட்காருகிறார், சில நாள் கிளாஸ் கழுவுகிறார், சில நாள் சும்மா இருக்கிறார். அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அடுத்த மருந்து நாள் 12ஆம் தேதி, கூடப் போவதற்கு வாகனம் உள்ள சகோதரர் ஒருவர் தேவை. முடிந்தவர்கள் அலுவலகத்தில் சொல்லவும்.